காலில் எறும்பு ஊர்கிறது, ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை: நரம்பு எரிச்சலுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"கால் மரத்துப் போச்சு டாக்டர்" என்று சொல்கிறோம். ஒருவர் இப்படிச் சொன்னால், கிள்ளினால் தெரியவில்லை என்று அர்த்தம். இன்னொருவருக்கு, குறுகுறுவென்று எறும்பு ஊர்கிறது என்று அர்த்தம். மூன்றாமவருக்கோ கால் கனத்துப்போய்த் தூக்கவே முடியவில்லை. சொல் ஒன்று, பிரச்சினை மூன்று.

நானும் இதில் இரண்டு மாதத்தைத் தொலைத்தேன். "மதமதன்னு இருக்கு" என்று மட்டும் சொல்லி, ரத்த ஓட்டத்துக்கு ஏதோ மாத்திரை வாங்கி வந்தேன். எனக்கு உண்மையில் இருந்தது எரிச்சல். அதைச் சொல்லவே இல்லை. எரிச்சல் வருவது ராத்திரி பதினொரு மணிக்கு. நான் டாக்டரைப் பார்த்தது காலை பத்து மணிக்கு.

காரணம் தெரியாத மதமதப்பு, ஊசி குத்தல், எரிச்சல் என்று புதிதாக மாட்டிக்கொண்டவர்களுக்கு, நான் தாமதமாகக் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. நோயைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. உங்கள் உடம்பு என்ன சொல்கிறது என்பதை எழுதி அவர்கள் கையில் கொடுப்பது உங்கள் வேலை. இந்த இரண்டாவது வேலையை வேறு யாரும் உங்களுக்காகச் செய்ய முடியாது.

முதலில்: இது காத்திருக்கிற சங்கதியா?

ஒரு பக்கத்துக் கை, கால், முகம் திடீரென்று மரத்துப்போகிறது, வாய் கோணுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் பக்கவாதமாக இருக்கலாம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

பாதத்தில் தொடங்கிய மதமதப்பு சில நாட்களிலேயே மேலே ஏறி, கால் தள்ளாடி, படி ஏற முடியாமல் போனால் அது கில்லன் பாரே நோயாக இருக்கலாம். வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்துபோன சில வாரங்களில் இது தலைகாட்டுவதுண்டு. மூச்சுத் தசைகளையும் பிடிக்கும் என்பதால் வீட்டில் வைத்துப் பார்க்கிற நோய் இல்லை.

இடுப்பு வலியோடு, சைக்கிள் சீட்டில் படுகிற பகுதி மரத்து, சிறுநீர் வராமல் நின்றாலோ தெரியாமல் போனாலோ அன்றைக்கே மருத்துவமனை. மறுநாள் என்று தள்ளினால் அந்தக் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம்.

இவை எதுவும் இல்லை, வாரக்கணக்கில் மெதுவாக வந்தது, கூடுகிறது குறைகிறது என்றால், மேலே படியுங்கள்.

சொல்லைப் பிரித்து வையுங்கள்

ஒரு நோட்டு எடுங்கள். செல்போனில் எழுதினாலும் சரி. உங்களுக்கு வருவதை நாலு கேள்வியில் பிரியுங்கள். இருக்க வேண்டிய உணர்வு குறைந்துவிட்டதா? இல்லாத உணர்வு வருகிறதா, அதாவது எரிச்சல், ஊசி, ஷாக் அடிப்பது, எறும்பு? (எறும்பு ஊர்வதற்கு மருத்துவத்தில் வைத்திருக்கும் பெயர் ஃபார்மிகேஷன். லத்தீனில் எறும்புக்குப் பெயர் ஃபார்மிகா. ஆக, உங்கள் கற்பனை ஒன்றும் விசித்திரமானது இல்லை.) தொடுவது தப்பாகத் தெரிகிறதா, போர்வை பட்டால் வலிப்பது போல? கடைசியாக, பலம் குறைந்திருக்கிறதா, செருப்பு காலிலிருந்து நழுவுகிறதா, பொத்தான் போட முடியவில்லையா?

இப்படிப் பிரிப்பதற்குக் காரணம் உண்டு. நரம்புக்குள் இருப்பது ஒரே வகைக் கம்பி இல்லை. தொடுதல், அதிர்வு, கால் எங்கே இருக்கிறது என்கிற அறிவு, இவற்றைப் பருத்த இழைகள் கொண்டுபோகின்றன; விநாடிக்கு 50 மீட்டர் அளவில் ஓடும். வலியையும் சூடு குளிரையும் மெல்லிய இழைகள் கொண்டுபோகின்றன. அவற்றில் மிக மெல்லியவை விநாடிக்கு ஒரு மீட்டர்தான், நாம் நடக்கிற வேகம். கால் விரலை இடித்துக்கொண்டால் இடித்தது முதலில் தெரிந்து, அந்த எரியும் வலி ஒரு கணம் கழித்து வருவது இதனால்தான்.

எனவே எரிச்சல், வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் ஒன்றுபோலத் தெரிவது என்றால் மெல்லிய இழைகளைச் சந்தேகிப்பார்கள். பஞ்சின் மேல் நடப்பது போல இருப்பது, கண்ணை மூடி முகம் கழுவும்போது உடம்பு ஆடுவது என்றால் பருத்த இழைகள். கழுத்தைக் குனிந்தால் முதுகுத்தண்டு வழியாகக் கரண்ட் இறங்குகிறது என்றால் அது நரம்பைத் தாண்டித் தண்டுவடத்தைப் பார்க்கச் சொல்லும் அடையாளம். அதை மறக்காமல் முதலில் சொல்லுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பேச்சுத் தமிழில் ஊசி போடுவதும் நரம்பில், புறங்கையில் நீலமாகப் புடைத்திருப்பதும் நரம்பு. அவை ரத்தக் குழாய்கள், சிரைகள். நாம் பேசுகிற நரம்பு வெளியே தெரியாது. கையில் புடைத்திருப்பதைக் காட்டி "நரம்பு சுருண்டிருக்கு" என்று ஒருவர் எண்ணெய் கொடுத்தால், அவர் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பிறகு படம் வரையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு தாளில் ஆள் உருவம் முன்னும் பின்னுமாக இரண்டு. அழகாக இருக்க வேண்டியதில்லை. எரிகிற இடத்துக்குச் சிவப்பு, மரத்த இடத்துக்குக் கறுப்பு, ஊசி குத்துகிற இடத்துக்குப் புள்ளி. மேலே தேதி. வாரம் ஒரு முறை போதும். தினமும் வரைந்தால் நாள் முழுக்க உடம்பையே கவனித்துக்கொண்டிருப்போம், அதுவே வியாதியாகிவிடும்.

எல்லை எங்கே முடிகிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. இரண்டு பாதத்திலும் விரல் நுனியில் ஒரேபோலத் தொடங்கி, சாக்ஸ் போட்ட இடம்போல மெல்ல மேலேறுகிறதா? முழங்கால் அளவு வந்த பிறகு கைவிரல் நுனியிலும் தொடங்கும். கால் விரலுக்கான நரம்பிழையின் உயிரணு இருப்பது கீழ் முதுகில்; இழையின் நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர். அத்தனை தூரத்துக்கும் சத்தும் சரக்கும் அங்கிருந்துதான் போக வேண்டும். உடம்பு முழுவதையும் பாதிக்கிற விஷயம், அதாவது சர்க்கரை, மது, சில மருந்துகள், முதலில் அடிப்பது இந்தக் கடைக்கோடியைத்தான்.

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி, ராத்திரி எழுப்பிவிடுகிறது, கையை உதறினால் தேவலை: மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது. தூங்கும்போது மணிக்கட்டை நேராக வைக்கிற பட்டை கட்டினாலே பலருக்குக் குறையும். சுண்டுவிரலும் மோதிர விரலின் மறு பாதியும் என்றால் முழங்கை. மேசையில் முழங்கையை ஊன்றுவது, போனைக் காதில் வைத்து நெடுநேரம் மடக்கியிருப்பது. தொடையின் வெளிப்பக்கம் மட்டும் உள்ளங்கை அளவு எரிந்து, பலம் கொஞ்சமும் குறையவில்லை என்றால், இடுப்பில் இறுக்கும் பெல்ட்டையோ உடையையோ ஒரு மாதம் தளர்த்திப் பாருங்கள். அங்கே போகிற நரம்பு உணர்வுக்கு மட்டுமானது, தசையை அசைப்பது இல்லை. கால்மேல் கால் போட்டே உட்காருபவர்களுக்கு முழங்காலின் வெளிப்பக்கத்தில் நரம்பு நசுங்கிப் புறங்கால் மரக்கும். பாதத்தைத் தூக்க முடியாமல் போனால் உடனே காட்டுங்கள்.

கழுத்திலிருந்தோ இடுப்பிலிருந்தோ ஒரு பட்டையாக ஒரே பக்கம் இறங்கினால், தண்டுவடத்திலிருந்து நரம்பு கிளம்பும் இடத்தில், அதாவது வேர்நரம்பில், சிக்கல். முகம், நாக்கு, வயிறு என்று அங்கங்கே திட்டுத்திட்டாக எரிந்து, கண்ணும் வாயும் வறண்டு இருந்தால், தன்னுடம்பைத் தானே தாக்குகிற நோய்களைத் தேடச் சொல்லும் அடையாளம். தோலில் நிறம் வெளுத்த ஒரு தேமல், அதைத் தொட்டால் தெரியவில்லை என்றால் தொழுநோயா என்று பார்க்கச் சொல்லத் தயங்காதீர்கள். கூட்டு மருந்தால் குணமாகிற நோய் அது. வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்டவர்கள்தான் நரம்பை இழக்கிறார்கள்.

வாயைச் சுற்றியும் இரண்டு கை விரல்களிலும் சட்டென்று ஊசி குத்தி, கூடவே நெஞ்சு படபடத்தால், வேகவேகமாக மூச்சு விட்டீர்களா என்று யோசியுங்கள். அதிகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். அதனால் நரம்பை அமைதியாக வைத்திருக்கும் கால்சியத்தின் செயல்படும் அளவும் குறையும். நரம்பு தானாகவே பேசத் தொடங்கும். பயம் காரணம்தான், ஆனாலும் ஊசி நிஜம்.

சாயங்காலமானால் காலை ஆட்டியே ஆக வேண்டும், நடந்தால் சரியாகிவிடும் என்றால் அது வேறு கதை. அமைதியிழந்த கால் என்று டாக்டரிடம் சொல்லி, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை கேளுங்கள்.

வாய் வழியாகப் போனதை எழுதுங்கள்

படத்துக்குப் பின்பக்கம், கடந்த ஒரு வருடத்தில் சாப்பிட்ட மாத்திரை எல்லாம். சர்க்கரைக்கான மெட்ஃபார்மினும், வருடக்கணக்கில் போடுகிற நெஞ்செரிச்சல் மாத்திரையும் பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்கும். காசநோய்க்கான ஐசோனியாசிட், நீண்ட நாள் எடுத்த மெட்ரோநிடசோல், சில புற்றுநோய் மருந்துகள் நேரடியாகவே நரம்பைப் பாதிக்கலாம். இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். பட்டியலைக் காட்டிக் கேளுங்கள். மதுவையும் அளவோடு எழுதுங்கள், குறைத்து எழுதாமல்.

இதில் என்னை அதிர வைத்தது பி6. நரம்புக்கு நல்லது என்று விற்கிற வைட்டமின் மாத்திரைகளில் பலவற்றில் அது ஏராளமாக இருக்கிறது. அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தால் அதே பி6 மதமதப்பையும் எரிச்சலையும் கொண்டுவரும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் பெரியவர்களுக்கான நாளொன்றின் மேல்வரம்பை 12 மி.கி. என்று இறக்கியது. சில மாத்திரைகளில் ஒன்றிலேயே 50, 100 மி.கி. இருக்கும். எரிச்சலுக்காக மாத்திரை, மாத்திரையால் எரிச்சல், அதற்காக இன்னொரு மாத்திரை என்று சுற்றுகிறவர்கள் உண்டு. லேபிளைப் படியுங்கள், பைரிடாக்சின் என்று போட்டிருந்தாலும் அது பி6தான்.

என்ன பரிசோதனை, எந்த வரிசையில்

அமெரிக்க நரம்பியல் அகாடமி 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பாதத்தில் தொடங்கும் வகையில் விடை கிடைக்க அதிக வாய்ப்புள்ள ரத்தப் பரிசோதனைகள் மூன்று: சர்க்கரை, பி12, ரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் சோதனை. கூடவே ரத்த அணுக்கள், சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு என்று பார்ப்பது வழக்கம்.

சர்க்கரையில் ஒரு நுணுக்கம். வெறும் வயிற்றில் நன்றாக இருந்தாலும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 140-க்கும் 199-க்கும் நடுவில் நிற்கிறவர்கள் உண்டு. சர்க்கரை நோய்க்கு முந்தைய படி அது. அந்தப் படியிலேயே சிலருக்குப் பாதம் எரியத் தொடங்கிவிடுகிறது.

பி12-இல் இரண்டு. ஒன்று, மாத்திரையோ ஊசியோ தொடங்குவதற்கு முன்னால் ரத்தம் கொடுங்கள். போட்டுக்கொண்டு போனால் அளவு நன்றாகத்தான் வரும், உண்மை மறைந்துவிடும். இரண்டு, 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். 200–300 என்று விளிம்பில் நின்றால் மெத்தில்மலோனிக் அமிலம் என்ற சோதனையை வைத்து முடிவு செய்யலாம். ஃபோலிக் அமிலம் மட்டும் சாப்பிட்டுவந்தால் ரத்தச்சோகை சரியாகிவிடும், நரம்புச் சேதம் உள்ளுக்குள் தொடரும்.

அப்புறம் நரம்புக் கடத்தல் பரிசோதனை. தோலின் மேல் சிறு சிறு கரண்ட் கொடுத்து நரம்பில் செய்தி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளப்பார்கள். சுண்டிவிட்டது போல இருக்கும், தாங்கலாம். அன்றைக்குக் கை காலில் கிரீம், எண்ணெய் வேண்டாம். கை கால் சில்லிட்டிருந்தால் வேகம் குறைவாகக் காட்டும், எனவே சூடாகப் போங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

"நார்மல்" என்று வந்தால்

என் ரிப்போர்ட்டும் நார்மல்தான். "ஒன்றுமில்லை, மனசுதான்" என்று அனுப்பிவைத்தார்கள். அந்தக் கடத்தல் பரிசோதனை அளப்பது பருத்த, வேகமான இழைகளை மட்டுமே என்பது எனக்கு அப்போது தெரியாது. எரிச்சலைக் கொண்டுவருகிற மெல்லிய இழைகள் அந்த மெஷினுக்குத் தெரியவே தெரியாது. எரிகிற காலுக்கு நார்மல் ரிப்போர்ட் வருவது முரண்பாடே இல்லை.

மெல்லிய இழைகளைப் பார்க்க வேறு வழி உண்டு. கணுக்காலுக்குச் சுமார் 10 செ.மீ. மேலே, மரக்க ஊசி போட்டு, 3 மி.மீ. அளவுக்குத் தோலைத் துளைத்து எடுப்பார்கள். பெரும்பாலும் தையல்கூடத் தேவைப்படாது. மேல்தோலில் நரம்பிழைகள் எத்தனை என்று நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். "என் எரிச்சல் மெல்லிய இழை வகையாக இருக்குமா, தோல் பயாப்ஸி உதவுமா?" என்று ஒரே வரியில் கேளுங்கள். கோபத்தோடு கேட்டதில் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. படத்தை மேசையில் வைத்துக் கேட்டபோது கிடைத்தது.

எல்லாம் பார்த்த பிறகும் காரணம் தெரியாதவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு இது வருடக்கணக்கில் மெதுவாகவே நகர்கிறது. இணையத்தில் தேடியதும் முதலில் கண்ணில் படுகிற பயங்கரங்களில் ஏ.எல்.எஸ். ஒன்று. அது தசையின் பலத்தைத் தின்கிற நோய். வெறும் எரிச்சலும் ஊசி குத்தலுமாகத் தொடங்குவது அதன் வழக்கம் இல்லை.

மனசு சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். தூங்காத, பயந்த மூளை அதே எரிச்சலைப் பெரிதாக்கிக் காட்டும். அதற்காக எரிச்சல் பொய் என்று ஆகிவிடாது.

ராத்திரியைச் சமாளிக்க

பகலில் கவனம் நூறு பக்கம் போகும். படுத்ததும் காலும் நாமும் மட்டும்தான். போர்வை பட்டால் எரிகிறதா? படுக்கையின் கால்மாட்டில் ஒரு அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் போர்வையைப் போட்டுப் பாதத்தை உள்ளே விடுங்கள். எனக்கு முதல் மாத்திரையைவிட இது அதிகம் உதவியது.

எரிச்சலுக்கு ஐஸ் வைக்கத் தோன்றும், வேண்டாம். உணர்வு குறைந்த தோல் ஐஸில் புண்ணாவது தெரியாது. குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பத்து நிமிடம் போட்டால் போதும். ஒத்தடப் பையும் ஹீட்டிங் பேடும் பாதத்துக்கு வேண்டவே வேண்டாம்.

தேய்த்துவிட்டால் கொஞ்சம் அடங்குவதைக் கவனித்திருப்பீர்கள். 1965-இல் மெல்சாக், வால் என்ற இருவர் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள்: தண்டுவடத்தில் ஒரு கதவு போன்ற அமைப்பு இருக்கிறது, தொடுதலின் செய்தி வந்தால் வலியின் செய்திக்கு அது பாதி மூடிக்கொள்கிறது. இறுக்கமான மெல்லிய சாக்ஸ் சிலருக்குச் சுகம் தருவது இதனால் இருக்கலாம். சிலருக்கு அதுவே வேதனை. மூன்று ராத்திரி போட்டுப் பார்த்து நோட்டில் எழுதுங்கள்.

மாத்திரை தொடங்கினால்

பாராசிட்டமால், இபுபுரூஃபென் போன்றவை நரம்பு எரிச்சலுக்கு அநேகமாக உதவாது. டாக்டர் எழுதுவது அமிட்ரிப்டிலின், டுலாக்சடின், காபாபென்டின், பிரகாபலின் இவற்றில் ஒன்றாக இருக்கும். மனச்சோர்வு, வலிப்பு என்று லேபிளில் பார்த்துப் பதற வேண்டாம். இவை நரம்பின் கூச்சலைத் தணிக்கவும் பயன்படுபவை.

எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். 2015-இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின் கணக்கில், மருந்தே இல்லாத போலி மாத்திரையால் கிடைப்பதைத் தாண்டி ஒருவருக்கு வலி பாதியாகக் குறைய, அமிட்ரிப்டிலின் வகையில் ஏறத்தாழ 4 பேருக்கும் பிரகாபலினில் ஏறத்தாழ 8 பேருக்கும் கொடுக்க வேண்டியிருந்தது. முதல் மருந்து உங்களுக்குப் பலிக்காமல் போவது சகஜம். அடுத்ததைப் பார்க்க வேண்டியதுதான். குறைந்த அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல ஏற்றுவார்கள். மூன்றாம் நாள் "ஒன்றும் நடக்கவில்லை" என்று தூக்கிப்போட்டால் அது மருந்தைச் சோதித்ததாக ஆகாது. நன்றாக இருக்கிறதென்று சட்டென நிறுத்தவும் கூடாது. தூக்கக் கலக்கம், கால் வீக்கம், வாய் வறட்சி எது வந்தாலும் தேதியோடு எழுதுங்கள்.

தோலில் ஒட்டுவதற்கு, மரக்கவைக்கும் லிடோகெயின் பட்டை, மிளகாயின் காரச்சத்தான கேப்சைசின் பட்டை உண்டு. எரிகிற இடத்தில் மிளகாயா என்று சிரிப்பு வரும். அது மெல்லிய இழைகளின் முனையைத் தற்காலிகமாக ஓய வைக்கிறது. 8 சதவீதப் பட்டையை மருத்துவமனையில்தான் போடுவார்கள்.

எரிச்சல் போய் மரப்பு வந்தால்

எரிச்சல் அடங்கியது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். ஊசி குத்தினாலும் தெரியவில்லை என்றால் நரம்பு குணமானதாக அர்த்தம் இல்லை, பேச்சையே நிறுத்தியிருக்கலாம். தினமும் படுக்கும் முன் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். செருப்புக்குள் கைவிட்டுப் பார்த்துவிட்டுக் காலை நுழையுங்கள். வெந்நீரின் சூட்டை முழங்கையால் பாருங்கள், பாதத்தை நம்பாதீர்கள். ராத்திரி எழுந்தால் விளக்கைப் போடுங்கள். பருத்த இழை பழுதானவர்களுக்குக் கண்தான் கால்.

காரணம் கிடைத்துச் சரிசெய்தாலும் நரம்பு அவசரப்படாது. வெட்டுப்பட்ட நரம்பே நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். கீழ் முதுகிலிருந்து பாதம் வரை என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பி12 ஊசி தொடங்கிய சில வாரங்களில் சிலருக்கு ஊசி குத்தல் கூடுவதும் உண்டு. பயந்து நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

காரணம் கிடைக்காதவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது திரும்பப் போங்கள். சென்ற வருடம் விளிம்பில் இருந்த சர்க்கரை இந்த வருடம் தாண்டியிருக்கலாம். பலம் குறைந்தாலோ, எல்லை சட்டென்று மேலேறினாலோ, நிற்கும்போது தலைசுற்றிச் சாய்ந்தாலோ ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். போகும்போது புதிய படத்தோடு பழைய படத்தையும் எடுத்துப் போங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு, அவர் பார்த்து முடிக்கிறவரை பேசாமல் இருங்கள்.